பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாடுகளில் தாமாக முன்வந்து ஏற்கும் சுற்றுச்சூழல் பொறுப்பால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால், கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்கள் சரிபார்க்க முடிகிற இடத்தில் மட்டுமே உண்டு என்பது என் உறுதியான கருத்து.

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பின், மக்களின் நம்பிக்கையை இழந்து நின்ற வேதிப்பொருள் துறை, 1985இல் கனடாவில் தொடங்கிய ‘ரெஸ்பான்சிபிள் கேர்’ என்ற தன்னார்வத் திட்டத்தைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றது. அமெரிக்க நிறுவனங்களின் நச்சு வெளியேற்றத் தரவுகளை வைத்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு, திட்டத்தில் சேராதவர்களைவிடச் சேர்ந்தவர்களே மெதுவாக முன்னேறினார்கள் என்று கண்டறிந்தது. அக்காலத்தில் அத்திட்டத்தில் வெளியார் தணிக்கை கட்டாயமில்லை. விதியை மீறியவர்களுக்குத் தண்டனையும் இல்லை. பலரும் பெருமையாகக் காட்டும், சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 14001 சான்றிதழும் நிர்வாக முறையைத்தான் சோதிக்கிறதே தவிர, ஆற்றில் எவ்வளவு கழிவு விடலாம் என்று எந்த வரம்பையும் விதிப்பதில்லை.

இதற்கு மாறாக, அமேசானில் புதிதாகக் காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று பெரிய வணிக நிறுவனங்கள் 2006இல் செய்துகொண்ட உடன்பாடு பலன் தந்தது. வாங்குவோர் சிலரே என்பதால் விற்பவருக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. காடு அழிந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டிக்கொடுத்தன. கண்காணிப்புக் குழுவில் சுற்றுச்சூழல் அமைப்புகளும் இடம்பெற்றன. ஆயினும் அருகிலுள்ள செராடோ புல்வெளிக் காடுகள் அந்த உடன்பாட்டுக்குள் வரவில்லை என்பது பெரிய குறையே.

தன்னார்வ வாக்குறுதி சட்டத்தின் பிடிக்குள் வரவும் கூடும் என்பது எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் செய்தி. ஜாம்பியாவின் சிங்கோலா பகுதியில் செப்புச் சுரங்கக் கழிவால் நீரும் நிலமும் கெட்டன என்று கிராம மக்கள் ஏறத்தாழ 1,800 பேர் தொடுத்த வழக்கில், தாய் நிறுவனமான வேதாந்தா மீது இங்கிலாந்திலேயே வழக்கு நடத்தலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. கிளை நிறுவனங்களைத் தானே மேற்பார்வையிடுவதாகத் தாய் நிறுவனம் தன் வெளியீடுகளில் சொல்லிக்கொண்டால், உண்மையில் அப்படிச் செய்யாவிட்டாலும் அதற்குப் பொறுப்பு ஏற்படலாம் என்று நீதிமன்றம் கூறியது, பளபளப்பான ஆண்டறிக்கைகளை எழுதும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டியது.

ஆகவே அத்தகைய அறிக்கையைக் கையில் எடுத்தால், நான் முதலில் தேடுவது முன்னுரையை அல்ல, கணக்கின் எல்லையைத்தான். கழிவுநீர் அளவு ஆலைவாரியாகத் தரப்பட்டிருக்கிறதா, உலக மொத்தமாக ஒரே எண்ணில் கரைக்கப்பட்டிருக்கிறதா? உள்ளூர்ச் சட்டம் தளர்வாக இருக்கும் நாட்டில் எந்த வரம்பைப் பின்பற்றுகிறார்கள், அந்நாட்டின் வரம்பையா, தாய்நாட்டின் வரம்பையா? எண்ணெய், சுரங்கத் தொழில்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தாமே இயக்கும் தளங்களை மட்டும் கணக்கில் காட்டும் நிறுவனம், பங்கு மட்டும் வைத்திருக்கும் கூட்டு முயற்சிகளில் எரித்து வீணாக்கப்படும் வாயுவைத் தன் அறிக்கையில் சேர்ப்பதே இல்லை.