பிபி ஏறாத அப்பாவுக்கு எஸ்மோலோலா?
கொழிஞ்சாம்பாறையிலிருந்து அப்பாவைப் பாலக்காட்டு ஐசியுவில் சேர்த்துவிட்டு, "செப்டிக் ஷாக்கில் (கிருமித்தொற்று முற்றி பிபி சரியும் நிலை) பிபியே ஏறவில்லை, இதில் துடிப்பையும் பிபியையும் குறைக்கும் பீட்டா பிளாக்கரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் இதயம் நிமிடத்துக்கு 130க்கு மேல் ஓடினால் அதில் ரத்தம் நிரம்பவே நேரமிருக்காது; அதைத் தணிக்கத்தான் எஸ்மோலோல் என்ற இந்த பீட்டா பிளாக்கர். நரம்பு வழியாக ஏறும், நிறுத்தினால் அரைமணிக்குள் மருந்தின் வேகம் ஓய்ந்துவிடும்.

2013இல் வெளியான ரோம் ஆய்வில், 154 பேரில் எஸ்மோலோல் பெற்றவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்விலோ, லாண்டியோலோல் என்ற இதே வகை மருந்து கொடுத்தவர்களுக்குத் தீங்கு வரலாம் என்று பட்டதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். எனவே எல்லோருக்கும் தரும் மருந்தல்ல இது.

டாக்டரிடம் கேளுங்கள்: சலைன், ஆன்டிபயாடிக், பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் எல்லாம் போன பிறகும் துடிப்பு குறையவில்லையா? எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் நன்றாகச் சுருங்குகிறதா? மலையாளத்தில் திணற வேண்டாம், தமிழ் தெரிந்த நர்ஸ் பெரும்பாலும் இருப்பார். அப்புறம், அப்பா வீட்டில் அட்டெனலோல் (இதே வகை பிபி மாத்திரை) சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.