விளக்கடியில் மிளகாய், தக்காளி: முதல்முறை வளர்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

வெயில் எட்டாத அறையில், ரசாயன உரம் இல்லாமல், தொட்டியில் காய் பறிக்க முயல்பவர்கள் கேட்டவை இவை. எனக்குப் பழக்கம் மிளகாய், தக்காளி, கீரை. பழமரம், அழகுச் செடியெல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

கே: வீட்டில் எரிகிற சாதாரண எல்இடி பல்பு போதுமா? ஊதா விளக்குதான் நல்லது என்கிறார்களே?

ஒரு பல்பு நாற்றுக்குப் போதும், காய்க்குப் போதாது. அறை பளிச்சென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் கண் பச்சை, மஞ்சள் ஒளியைத்தான் அதிகம் உணரும். லக்ஸ் என்ற வெளிச்ச அளவும் கண்ணுக்காக வந்ததுதான். செடிக்குக் கணக்கு வேறு. இலைமட்டத்தில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகளை எண்ணும் அலகு, பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மோல்) ஒளி விழுகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல செடிவிளக்குப் பெட்டியில் எந்த உயரத்தில் எவ்வளவு விழும் என்று போட்டிருப்பார்கள். இலைமட்டத்தில் 300 விழுந்து, 16 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 17 மோல். கீரைக்கு அது தாராளம். மிளகாயும் தக்காளியும் காய்க்க 20க்கு மேல் வேண்டும். 400 கிடைத்தால் அதே 16 மணி நேரத்தில் 23 வந்துவிடும்.

ஊதா விளக்கு வேலை செய்யும். செடி சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் பச்சை ஒளி வீணாவதில்லை, இலையின் உள்ளடுக்கு வரை அதுதான் இறங்குகிறது. அதைவிட முக்கியமாக, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பேன் ஏறியிருக்கிறதா என்று எதுவும் தெரியாது. வெள்ளை விளக்கே வாங்குங்கள். நாற்று ஒல்லியாக நெட்டையாக எழும்பினால் விளக்கை இறக்குங்கள். மேல் இலை வெளிறிச் சுருண்டால் ஏற்றுங்கள். இரவில் அணைத்துவிடுங்கள். தக்காளிக்கு இடைவிடாமல் ஒளி கொடுத்தால் இலை மஞ்சள் திட்டாகிக் கெடும்.

கே: இலை மஞ்சளாகிறது. என்ன உரம் போடலாம்?

உரம் போடாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். புதியவர்கள் கையில் சாகிற செடிகளில் பெரும்பாலானவை தாகத்தில் சாவதில்லை, வேர் மூச்சுத் திணறித்தான் சாகின்றன. என் முதல் வருடத்தில் தினமும் அன்போடு ஊற்றி ஒன்பது மிளகாய்ச் செடிகளை அனுப்பிவைத்தேன். காய்ந்த தொட்டி எவ்வளவு கனம், ஊற்றிய தொட்டி எவ்வளவு கனம் என்று கை பழகட்டும். கருவி எதுவும் வேண்டாம்.

கே: மண்கலவைக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள்.

ஐந்து பங்கில் இரண்டு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒன்று நன்றாக மக்கிய உரம், ஒன்று மண்புழு உரம், ஒன்று பெர்லைட் (சூட்டில் பொரிந்த, எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்). பத்து லிட்டருக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட்டை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் போடுங்கள், உப்பு இருக்கும். கலந்ததை லேசான ஈரத்தோடு இரண்டு வாரம் சும்மா வையுங்கள். இயற்கை உரத்தில் இருக்கும் தழைச்சத்தை வேர் அப்படியே எடுத்துக்கொள்ளாது. நுண்ணுயிர்கள் முதலில் தின்று உடைக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். ‘ஊற்றினேன், மறுநாள் பச்சையாகவில்லை’ என்று யாரும் வராதீர்கள். மிளகாய்க்கு 10 லிட்டருக்குக் குறையாத தொட்டி.

கே: இதே முறையில் கஞ்சா வளர்க்கலாமா?

முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கேளுங்கள். என்னிடம் மிளகாய் கேளுங்கள்.

கே: தண்ணீர் வடிய, தொட்டி அடியில் கூழாங்கல் எவ்வளவு போடலாம்?

ஒன்றுகூட வேண்டாம்.

கே: பதினைந்து வருடமாகப் போடுகிறேன், செடி நன்றாகத்தான் இருக்கிறது. கல்லிடையே தண்ணீர் ஓடாது என்கிறீர்களா?

கல்லிடையே ஓடும். கல்லுக்குள் வந்து சேராது என்பதுதான் சிக்கல். மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், கல்லிடையே இருக்கும் பெரிய இடைவெளிக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. அதனால் மண்ணின் கடைசி அடுக்கு முழுக்க நிரம்பித் ததும்பும் வரை தண்ணீர் கீழே இறங்காது. கல் இல்லாத தொட்டியிலும் அந்தச் சொதசொத அடுக்கு உண்டு, ஆனால் தரையோடு இருக்கும். மூன்று அங்குலம் கல் போட்டால் அதை மூன்று அங்குலம் தூக்கி வேரின் வாயருகே வைக்கிறீர்கள். உங்கள் செடி பிழைத்தது உங்கள் கைப்பக்குவத்தால், கல்லால் அல்ல.

கே: அப்படியானால் துளை இல்லாத தொட்டியில்? கல் போட்டால் மிச்சத் தண்ணீர் அடியில் தங்கிக்கொள்ளுமே.

தங்கும். எவ்வளவு தங்கியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் வேர் அதில் இறங்கும், அப்புறம் நாற்றம்தான் சொல்லும். துளை போடுங்கள். மண் கொட்டாமல் இருக்கத் துளை மேல் ஒரு துண்டு வலை போதும்.

கே: கல்லைப் பற்றி நீங்கள் சொல்வதை நம்ப முடியவில்லை. (இதையே இன்னும் மூவர் கேட்டிருக்கிறார்கள்.)

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். செவ்வகமான ஸ்பாஞ்சை முழுக்க நனைத்து, படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். நின்றதும் அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி சொட்டும். அதே ஸ்பாஞ்சு, அதே தண்ணீர். உயரம் கூடியதால் வடிந்தது. கல் போட்டால் மண்ணின் உயரத்தைக் குறைக்கிறீர்கள்.

கே: மண்ணிலிருந்து குட்டி கறுப்பு ஈக்கள் பறக்கின்றன.

பூஞ்சை ஈ. அதன் புழு ஈரமான மேல்மண்ணில் வாழும். மேலே ஓர் அங்குலம் காயவிட்டு ஊற்றுங்கள். பசை தடவிய மஞ்சள் அட்டை பறப்பதைப் பிடிக்கும், புழுவைப் பிடிக்காது. புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். மூன்று நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள். ஒரு முறை ஊற்றிவிட்டு நிறுத்தினால் அடுத்த தலைமுறை வந்துவிடும். வாழைப்பழத் தோலைத் தொட்டியில் புதைத்தவர் நீங்கள்தானே? அதை எடுங்கள்.

கே: இலையடியில் மெல்லிய நூலாம்படை, மேலே வெளிர்ப் புள்ளிகள்.

சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, விளக்கு அணைந்த பிறகு அடியுங்கள். எரியும்போது அடித்தால் இலை கருகும்.

கே: அடி இலை மஞ்சள். தழைச்சத்துக் குறைவா?

தொட்டியைத் தூக்கினீர்களா?

கே: தக்காளி அடி கறுக்கிறது. முட்டை ஓட்டுத்தூள் போட்டும் நிற்கவில்லை.

நிற்காது. முட்டை ஓடு கரையவே மாதக்கணக்காகும். மண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்து இருக்கும், அது காயின் நுனி வரை போய்ச்சேரவில்லை. அதைத் தண்ணீர்தான் சுமந்து போகிறது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதை நிறுத்துங்கள். பூ உதிர்கிறது என்ற இன்னொருவருக்கும் சேர்த்து: அறைக்குள் காற்றும் இல்லை, வண்டும் இல்லை. பூத்த கிளையைத் தினமும் சுண்டிவிடுங்கள், அல்லது மின்சாரப் பல்துலக்கியைக் காம்பில் சில நொடி வையுங்கள். மகரந்தம் உதிர்ந்து தானே சேரும்.

கே: இலை மஞ்சள்...

தூக்குங்கள்.

கே: கூழாங்கல்காரன்தான். ஸ்பாஞ்சு சொட்டியது. ஒரு தொட்டியில் கல்லை எடுத்துவிட்டேன், மற்றதில் விட்டிருக்கிறேன். எடுத்த தொட்டியில் இலை மஞ்சளாகிறதே?

மண் கூடியிருக்கிறது, அதற்கு மேல் பழைய அளவிலேயே தினமும் ஊற்றுகிறீர்கள். இரண்டு தொட்டியையும் தூக்கிப் பார்த்து, எது கனம் என்று வந்து சொல்லுங்கள்.