புரை ஏறிய ஆட்டுக்கு மூச்சு எப்போது சீராகும்?

கேள்வி: குடற்புழு மருந்து ஊற்றும்போது என் வெள்ளாட்டுக்குப் புரை ஏறிவிட்டது. மறுநாளே காய்ச்சல், சளி. டாக்டர் ஐந்து நாள் ஊசி போட்டதில் காய்ச்சல் விட்டு, இரை எடுக்கிறது. ஆனால் 12 நாளாகியும், கொஞ்ச தூரம் ஓட்டினாலே இரைக்கிறது, செருமுகிறது. மறுபடி ஊசி போட வேண்டுமா ஐயா?

பதில்: இரை எடுப்பது நல்ல அறிகுறி. ஊசி கிருமியைத்தான் கொல்லும். புண்பட்ட நுரையீரலை ஆட்டின் உடம்புதான் சரிசெய்ய வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

நுரையீரலின் கடைசியில் இருப்பவை மிகச் சிறிய காற்றறைகள். அவற்றின் உள்சுவரில் சுமார் 95 சதவீதத்தை அப்பளம் போல விரிந்த மெல்லிய செல்கள் மூடியிருக்கின்றன. ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போவது இவற்றின் வழியாகத்தான். மருந்தோ கிருமியோ பட்டால் இவைதான் முதலில் சாகும். தாமாகப் பெருகி இடத்தை நிரப்ப இவற்றால் ஆகாது. அந்த வேலைக்கு மூலையில் ஒதுங்கியிருக்கும் குட்டையான செல்கள் உண்டு. காற்றறை ஒட்டிப்போகாமல் காக்கும் வழவழப்பான பொருளைச் சுரப்பதும் இவையே. பக்கத்துச் செல் செத்தால் இவை பெருகிப் பரவி, மெல்லிய செல்லாகவே மாறிவிடும். நெல் வயலில் நாற்று செத்த இடத்தில் புது நாற்று நட்டுப் பாடுவாசி நிரப்புகிறோமே, அதுபோலத்தான். ஆனால் நாற்று பிடிக்க அடிமண் கெடாமல் இருக்க வேண்டும். செல்களுக்குக் கீழே உள்ள அடிச்சவ்வு கிழிந்திருந்தால் அங்கே நார் வளர்ந்து தழும்பாகிவிடும். அந்தப் பகுதிக்கு மறுபடி காற்று வராது.

ஆடு மாடுகளுக்கு வலது நுரையீரலின் முன்பகுதியான முன்மடலுக்குப் போகும் கிளை, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் முன்பே தனியாகப் பிரிகிறது. புரை ஏறிய மருந்து பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். இப்படிச் செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தால் அந்த மடல் ஈரல் போலக் கெட்டியாக இருக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும்.

அதனால் இன்னும் மூன்று வாரம் ஆட்டை ஓட்டாதீர்கள். தழையை அறுத்து வந்து கொட்டகையிலேயே போடுங்கள். இப்போதைக்குக் கிடாவோடு சேர்க்கவும் வேண்டாம். செருமலை நிறுத்த மருந்து தேடாதீர்கள். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் உதிர்ந்திருக்கும். அவை முளைக்கும்வரை செருமல்தான் சளியை வெளியேற்றும். விடியற்காலையில் கொட்டகைக்குள் ஆட்டின் தலை உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். மூத்திர நெடி கண்ணில் எரிந்தால் அந்த மயிர்களும் அதே நெடியில்தான் கெட்டுக்கொண்டிருக்கின்றன. உடனே தரையைச் சுரண்டிக் காயவிடுங்கள்.

ஊசியைப் பற்றி: ஆடு நிழலில் அமைதியாகப் படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 முதல் 30 வரை என்றால் பயமில்லை. 40-ஐத் தாண்டினாலும், காய்ச்சல் 104 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போனாலும், மூச்சில் அழுகல் வாடை வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக ஊசி வாங்கிப் போடாதீர்கள்.

அப்புறம், அடுத்த முறை மருந்து ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். மூக்கு முதுகின் மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. நாக்கை இழுக்காமல், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். செருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள்.