மரக்குச்சி பதித்த அந்தக் கட்டடம் தங்கும் லாட்ஜா?

கேள்வி: வரும் ஜூலையில் அப்பா அம்மாவுடன் அலாஸ்கா கப்பல் பயணம் போகிறோம். ஸ்கேக்வே ஊரில் ஒரு பகல் மட்டும் கப்பல் நிற்கும். முகப்பு முழுக்க மரக்குச்சி பதித்த ஒரு பழைய கட்டடத்தின் படத்தைப் பார்த்தோம். ‘லாட்ஜ்’ என்று போட்டிருந்தது. அது தங்கும் விடுதியா? உள்ளே விடுவார்களா? நேரம் ஒதுக்கிப் பார்க்கும் அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?

பதில்: அங்கே தங்க முடியாது. நம் ஊரில் லாட்ஜ் என்றால் அறை வாடகைக்குக் கிடைக்கும் இடம். அங்கே அந்தச் சொல்லுக்குச் சங்கத்தின் கிளை, அது கூடும் மன்றம் என்றும் பொருள் உண்டு. நீங்கள் பார்த்தது ‘ஆர்க்டிக் பிரதர்ஹுட்’ என்ற சகோதர சங்கத்தின் மன்றம். இப்போது ஊரின் சுற்றுலாத் தகவல் மையம் அதில்தான் இயங்குகிறது, தாராளமாக உள்ளே போகலாம். பிராட்வே தெருவிலேயே இருக்கிறது. கப்பல் துறையிலிருந்து அப்பா அம்மா நடந்தே வந்துவிடலாம்.

அதற்கு நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன். 1896இல் கனடாவின் குளொண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். ஓராண்டுக்கான உணவும் தளவாடமும், ஏறக்குறைய ஒரு டன் சுமை, கையில் இல்லாதவர்களைக் கனடா போலீஸ் எல்லையிலேயே நிறுத்தியது. அந்தச் சுமையைத் தவணை தவணையாக முதுகில் ஏற்றி மலை கடந்தார்கள். ஊரில் சொந்தம் கிடையாது, தெரிந்த முகம் கிடையாது. காய்ச்சலில் விழுந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் இல்லை. செத்தால் அடக்கம் செய்யவும் ஆள் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சங்கத்தில் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய தெம்பு என்று யோசித்துப் பாருங்கள்.

1899 பிப்ரவரி 26 அன்று ‘சிட்டி ஆஃப் சியாட்டில்’ என்ற கப்பலில் ஸ்கேக்வேக்கு வந்துகொண்டிருந்த பதினொரு பேர் கப்பலிலேயே இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கிளைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கேம்ப்’. முதல் கேம்ப் ஸ்கேக்வேயில் அமைந்தது. பிறகு கனடாவின் டாசன், அலாஸ்காவின் நோம் என்று மற்ற ஊர்களுக்கும் பரவியது. ‘இங்கே எல்லைக்கோடு இல்லை’ என்பது அவர்களின் முழக்கம். அமெரிக்காவும் கனடாவும் அந்தப் பகுதியின் எல்லைக்காகவே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது, தீர்ப்பு வந்தது 1903இல். அந்த நேரத்தில் இரண்டு நாட்டு ஆட்களும் ஒரே மன்றத்தில் உட்கார்ந்தார்கள். 1923இல் அலாஸ்கா வந்த அமெரிக்க அதிபர் வாரன் ஹார்டிங்கையும் கௌரவ உறுப்பினராக்கினார்கள்.

ஆனால் அந்த முழக்கத்தை முழுசாக நம்பிவிடாதீர்கள். உறுப்பினராக வெள்ளை இன ஆணாக இருக்க வேண்டும் என்பது விதி. தங்கம் தேடி வந்தவர்கள் ஏறிய சில்கூட் கணவாய்ப் பாதையே அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ட்லிங்கிட் மக்களின் பழைய வணிகப் பாதைதான். கூலிக்குச் சுமை தூக்கியவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். மன்றத்துக்குள் அவர்களுக்கு இடமில்லை. 1912இல் பூர்வகுடிகளே ‘அலாஸ்கா நேட்டிவ் பிரதர்ஹுட்’ என்று தங்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். குடியுரிமைக்கும் பள்ளிக்கும் போராடிய சங்கம் அது. 1945இல் அலாஸ்காவில் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்ததில் அதற்கும் அதன் மகளிர் அமைப்புக்கும் பெரிய பங்கு உண்டு. என்னைக் கேட்டால், சகோதரர் என்ற சொல்லுக்கு அதிகம் நியாயம் செய்தவர்கள் இவர்கள்தான்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். முகப்பில் இருப்பவை கடல் கரையில் ஒதுக்கிய மரத்துண்டுகள், சுமார் 8,800. சார்லஸ் வாக்கர் என்ற உறுப்பினர் அவற்றைப் பொறுக்கிவந்து ஆணியடித்துப் பதித்தார். முதலில் எதிர்ச்சாரியில் நின்று முழுசாகப் பாருங்கள். தங்கம் சலிக்கும் தட்டும், 1899 என்ற ஆண்டும் தெரியும். அப்புறம் கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குச்சியின் வளைவும் வேறு வேறாக இருக்கும். 2000களின் நடுவில் குச்சிகளைக் கழற்றி, உளுத்தவற்றை மாற்றி, மறுபடி பதித்தார்கள். குச்சியைத் தொட்டு இழுத்துப் பார்க்க வேண்டாம்.

இதற்கு அரை மணி நேரம் போதும். பக்கத்திலேயே பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் தேசியப் பூங்காவின் தகவல் மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை. மீதி நேரத்தில் ஒயிட் பாஸ் மலை ரயிலில் போக நினைத்தால், டிக்கெட் வாங்கும் முன் அது எங்கே திரும்புகிறது என்று கேளுங்கள். கனடாவுக்குள் இறங்கும் பயணமென்றால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசாவும், திரும்பி வரப் பலமுறை நுழையும் அமெரிக்க விசாவும் வேண்டும். மலை உச்சியோடு திரும்பும் ரயில் என்றால் அந்தக் கவலை குறைவு. ஆனாலும் பாஸ்போர்ட்டைக் கப்பல் அறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.