ஹீட்டர் செலவை வாடகையில் கழித்தால்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் மாதம் 1,500 ரிங்கிட் வாடகைக்கு ஃபிளாட்டில் இருக்கிறோம். வாட்டர் ஹீட்டர் கெட்டு ஐந்து வாரம் ஆகிறது. வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பைப் பார்க்கிறார், பதில் போடுவதில்லை. கைக்குழந்தையும் வயதான மாமியாரும் படாதபாடு பட்டார்கள். கடைசியில் 680 ரிங்கிட்டுக்கு நானே புது ஹீட்டர் மாட்டி, வாடகையில் கழித்து 820 மட்டும் கட்டினேன். இப்போது, மீதியை 14 நாளில் கட்டாவிட்டால் ஒப்பந்தம் முறியும் என்று அவருடைய வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான் வழக்குப் போடலாமா?

பதில்: அவர் பதில் போடாததும் குழந்தை பட்ட பாடும் இந்தக் கடிதத்துக்குப் பதிலாகாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பழுதுச் செலவை வாடகையில் கழிக்கலாம் என்று அக்ரிமென்டில் எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ‘எந்தப் பிடித்தமும் இல்லாமல்’ என்றுகூடச் சிலவற்றில் இருக்கும். அப்படியானால் ஹீட்டரில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், வாடகைப் பாக்கிக்காரர் நீங்கள்தான்.

பூட்டை மாற்றி உங்களை வெளியே தள்ள அவரால் முடியாது. 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். இதைக் கேட்டதும் பலர் தைரியமாக உட்கார்ந்துவிடுகிறார்கள், மாட்டிக்கொள்வதும் அங்கேதான். ஒப்பந்தம் முறிந்த பிறகும் வீட்டில் இருந்தால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4)(அ) பிரிவின்படி, வீட்டை ஒப்படைக்கும் நாள்வரை இரட்டை வாடகை கேட்கலாம். உங்களுக்கு அது மாதம் 3,000. வழக்கு நான்கு மாதம் இழுத்தால் 12,000, அவருடைய வழக்குச் செலவு தனி. பாக்கி வாடகைக்காக 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டத்தில், உங்களுக்குத் தெரிவிக்காமலே உத்தரவு வாங்கி, சாமான்களைப் பறிமுதல் செய்யவும் வழி உண்டு. 680 ரிங்கிட்டுக்கு இது தேவையா?

இன்றே 680-ஐ வங்கி வழியாக, ‘வாடகை மீதி’ என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். ஹீட்டர் செலவைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று அந்த வழக்கறிஞருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ‘டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

செலவைத் திரும்பக் கேட்கும்போது, ஹீட்டர் ஏன் கெட்டது என்பதுதான் கேள்வியாக வரும். சூடேற்றும் எலிமென்ட் எரிந்திருந்தால் அது பயன்பாட்டில் வரும் தேய்மானம்; அக்ரிமென்டோடு இணைத்த சாமான் பட்டியலில் ஹீட்டர் இருந்தால் செலவு வீட்டுக்காரர் தலையில் விழ வாய்ப்பு அதிகம். தண்ணீர் நுழையும் இடத்து வடிகட்டி வலையில் அழுக்கு அடைத்தாலும் ஓட்டம் குறைந்து ஹீட்டர் சுடாது. அதைக் கழுவியிருந்தால் போதுமே, புதியது எதற்கு என்று அவர் கேட்பார். மேல் மாடியில் தண்ணீர் அழுத்தமே குறைவென்றால் அது கட்டட நிர்வாகத்தின் பாடு. ஆகவே பதிவு பெற்ற வயர்மேனிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். ‘குறிப்பிட்ட தொகைக்குள் பழுது வாடகைதாரர் பொறுப்பு’ என்ற விதி அக்ரிமென்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரையிலான சிறு வழக்கை நீங்களே தொடுக்கலாம். ஆனால் அக்ரிமென்டுக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். இல்லையேல் அதைச் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள்.

இருந்தாலும், பாதியை, அதாவது 340-ஐ, அவர் தருவதாகச் சொன்னால் எழுதி வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். அதுவரை பழைய ஹீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். அது அவருடைய பொருள், உங்களுக்குச் சாட்சியும் அதுதான்.