எம்பெடெட் சி கற்க எந்த போர்டு வாங்கலாம்?

கேள்வி: சி மொழியில் லூப், ஃபங்ஷன் வரை தெரியும். பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்ய எம்பெடெட் சி (சின்ன சிப்புகளை இயக்க எழுதும் சி) கற்க ஆசை. 37 சென்சார் கொண்ட ஸ்டார்ட்டர் கிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? போர்டு ஒரிஜினலா, குளோனே (மற்ற நிறுவனங்கள் செய்யும் நகல்) போதுமா?

பதில்: கிட் வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்றை ஆசையாக வாங்கினேன், பாதி சென்சார் இன்னும் கவர் பிரிக்காமல் கிடக்கிறது. அதில் பெரும்பாலானவை யாரோ எழுதிய லைப்ரரியைக் கூப்பிட்டால் வேலை செய்துவிடும், உங்களுக்கு சி ஒரு வரி கூட கூடுதலாக வராது.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 மாதிரி ஒரு போர்டு போதும். அதிலுள்ள அட்மெகா328பி வெறும் 8 பிட் சிப், 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ராம், அவ்வளவுதான், ஆனால் கற்பவருக்கு அந்தச் சிறுமைதான் வசதி, ஏனென்றால் டேட்டாஷீட்டை (சிப்பின் விவரக் கையேடு) பிரித்து எந்த ரெஜிஸ்டரில் (சிப்பின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடம்) எந்த பிட் என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்த்தால் நிஜமாகவே புரிந்துவிடும். டிடிஆர்பி (DDRB) ரெஜிஸ்டரில் 5-ஆம் பிட்டை (0-இலிருந்து எண்ணி) 1 ஆக்குங்கள், அந்தப் பின் அவுட்புட் ஆகும், அப்புறம் போர்ட்பி-யில் (PORTB) அதே பிட்டை 1 ஆக்குங்கள், போர்டிலேயே இருக்கும் எல்இடி எரியும். ஆர்டுயினோவின் ரெடிமேட் ஃபங்ஷன்கள் உள்ளுக்குள் செய்வதும் இதைத்தான். பிட்டை நேராகத் தொட்டு எழுதும்போதுதான் எம்பெடெட் சி தொடங்குகிறது. பெயரில் மட்டும் கவனம்: ஊனோ ஆர்4 என்று 2023-இல் வந்தது, அதில் வேறு நிறுவனத்தின் 32 பிட் சிப். நல்ல போர்டுதான், ஆனால் நான் சொன்ன ரெஜிஸ்டர் எதுவும் அதில் கிடையாது.

குளோன் தாராளமாக வாங்கலாம். டிசைனையே ஆர்டுயினோ நிறுவனத்தார் எல்லோருக்கும் திறந்துதான் வைத்திருக்கிறார்கள், ஆர்டுயினோ என்ற பெயரையும் லோகோவையும் போட்டு விற்றால்தான் அது போலி. குளோன்களில் பெரும்பாலும் யுஎஸ்பிக்கு சிஎச்340 சிப் இருக்கும், சில கம்ப்யூட்டர்களில் அதற்கு டிரைவர் போட வேண்டியிருக்கும், இது தெரியாமல் போர்டு செத்துவிட்டது என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. இன்னொரு விஷயம், சிப் சாக்கெட்டில் செருகியிருக்கும் வகையைப் பாருங்கள், 28 காலுடன் நீளமாக இருக்கும். தவறிப்போய் எரித்துவிட்டால் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் (பூட்லோடர், அதாவது யுஎஸ்பி வழியாக உங்கள் கோடை ஏற்றிக்கொள்ள உதவும் சிறு புரோகிராம், ஏற்றியதாகக் கேட்டு வாங்குங்கள்).

கேபிள்! சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளை மாட்டிக்கொண்டு ஒரு மாலை முழுக்க டிரைவரைத் திட்டியிருக்கிறேன். டேட்டா போகும் கேபிளா என்று முதலில் பாருங்கள்.

கிட்டில் மிச்சமான பணத்துக்கு ஒரு மல்டிமீட்டர். கூடவே பிரெட்போர்டு, ஜம்பர் வயர், நாலு எல்இடி, 330 ஓம் ரெசிஸ்டர் கொஞ்சம், இரண்டு பட்டன். ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடி மாட்டாதீர்கள், ஒரு பின்னுக்கு 40 மில்லி ஆம்பியர்தான் உச்ச வரம்பு, 20-க்குள் வைத்துக்கொள்வதே நல்லது. பட்டனை வைத்து இன்டரப்ட் (பட்டன் அழுத்தியதும் நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஓடும் ஃபங்ஷன்) எழுதிப் பழகுங்கள், சி-யில் வோலட்டைல் (volatile) என்ற சொல் எதற்கு என்று அப்போதுதான் உறைக்கும்.

கேள்வி: கம்பைலருக்குக் காசு கொடுக்க வேண்டுமா? நண்பர் 8051 என்ற பழைய சிப்பில் தொடங்கச் சொல்கிறார்.

பதில்: ஊனோ ஆர்3 சிப்புக்கான ஏவிஆர்-ஜிசிசி கம்பைலர் இலவசம், கோட் அளவுக்கும் வரம்பு கிடையாது. 8051-க்குப் பலரும் பயன்படுத்தும் கீல் சி51 கம்பைலரின் இலவசப் பதிப்பு 2 கிலோபைட்டோடு நின்றுவிடும். பாடத்திட்டத்தில் இருந்தால் 8051 படியுங்கள், பொழுதுபோக்குக்கு என்றால் தேவையில்லை.

கேள்வி: மலிவாகக் கிடைக்கும் புளூ பில் (எஸ்டிஎம்32 என்ற 32 பிட் சிப் கொண்ட சிறு போர்டு) வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். எஸ்டிஎம்32 என்று அச்சடித்த போலி சிப் அதில் சர்வசாதாரணம், பெரும்பாலும் எஸ்டி-லிங்க் புரோகிராமரும் (சிப்பில் கோடை ஏற்றும் கருவி) தனியாக வாங்க வேண்டியிருக்கும். தப்பு உங்கள் கோடிலா சிப்பிலா என்று கண்டுபிடிக்கவே நாள் போய்விடும். இரண்டாவது போர்டாக ராஸ்பெர்ரி பை பிக்கோ எடுங்கள், அதற்கு சி எஸ்டிகே (சி-யில் எழுதத் தேவையான லைப்ரரித் தொகுப்பு) இலவசமாகவே தருகிறார்கள். ஒன்று மட்டும், அது 3.3 வோல்ட் ஆள், ஊனோவில் 5 வோல்ட்டுக்குப் பழகிய கையோடு அதன் பின்னில் வயரைச் செருகிவிடாதீர்கள்.