மலைக் கிராமங்களில் மாதம் ஒரு மருத்துவ முகாம் நடத்தினால் போதாதா?

போதாது. பல வருடம் முகாம்களில் மருந்து எடுத்துக் கொடுத்த பார்மசிஸ்ட் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரு மலைக் கிராமத்தில் பாட்டி ஒருவருக்குப் பிரஷர் எகிறிக் கிடந்தது. பத்து நாள் மாத்திரை கொடுத்தோம். "தீந்தா என்ன சாமி பண்றது?" என்றார். "கீழ ஆஸ்பத்திரிக்குப் போங்க பாட்டி" என்றேன், ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி. கீழே போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. நான்கு மாதம் கழித்து நாங்கள் மறுபடி போனபோது அட்டையில் மூன்று மாத்திரை மிச்சம் இருந்தது. தலை வலித்தால் மட்டும் போட்டுக்கொண்டாராம். எங்கள் பதிவேட்டில் அவர் 'பயனாளி'.

கண்புரை முகாம் வேறு கதை. அறுவை சிகிச்சை முடிந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பிரஷர், சர்க்கரை, பிரசவம், பச்சிளங்குழந்தை இதெல்லாம் அப்படியில்லை. ஊரிலேயே ஆள் வேண்டும். அந்த ஆள் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையை எடை போடுவது, மூச்சை எண்ணுவது, கிருமித்தொற்று என்றால் ஊசி போடுவது வரை. அந்த ஊர்களில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற ஊர்களைவிட 62 சதவீதம் குறைந்தது என்று 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஊசி போடும் வேலையை ஊர்ப் பெண்ணிடம் கொடுக்கலாமா என்று நானே முகம் சுளித்திருப்பேன். நம் தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியிலும் இதே வழிதான். டாக்டர்கள் ரெஜி, லலிதா 1993-ல் ஓலைக்குடிசையில் மருத்துவமனை ஆரம்பித்தார்கள். பழங்குடிப் பெண்களையே செவிலியராக வளர்த்தார்கள்.

இன்று பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர் 42 நாளுக்குள் ஆறேழு தடவை வருவதற்கு கட்சிரோலிதான் முன்னோடி. அந்த ஆஷாக்களை அரசு இன்னும் 'தன்னார்வலர்' என்றுதான் சொல்கிறது, சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான். அது தனி வயிற்றெரிச்சல்.

சரி, பாட்டி விஷயம். 2021-ல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு, அவர் ஊருக்குப் பிரஷர் மாத்திரையை ஒரு பெண் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவருகிறார். போன தடவை நான் போனபோது பாட்டி வழக்கம்போல மிச்சம் பிடித்து வைத்திருந்தார். அந்தப் பெண் அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, என் எதிரிலேயே திட்டினார்.